ஓடோமீட்டர் எண்ணாத முதுமை

பழைய கார் சந்தையில் ஒரு விந்தை உண்டு. புதிதாக வந்தபோது கோடி ரூபாயை ஒட்டி விலைபோன மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ், பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ், ஆடி ஏ8 போன்ற பெரிய சொகுசு செடான்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்ததும் புதிய நடுத்தரக் கார் ஒன்றின் விலைக்கு இறங்கி வந்துவிடுகின்றன. பெயின்ட் பளபளக்கிறது, தோல் இருக்கை மெத்தென்று இருக்கிறது, கதவைச் சாத்தினால் வெளி உலகின் சத்தம் அடங்கிவிடுகிறது. விளம்பரத்தில் ‘சிங்கிள் ஓனர், 45,000 கி.மீ. மட்டுமே’ என்ற வரியும் இருந்துவிட்டால் வாங்க நினைப்பவரின் தயக்கம் பாதி கரைந்துவிடும். அந்தக் கிலோமீட்டர் எண் பொய்யாக இல்லாவிட்டாலும் கூட, இந்த வகைக் காரை மதிப்பிட அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓடோமீட்டர் சக்கரம் கடந்த தொலைவை எண்ணுகிறது. உலோகத்தின் தேய்மானத்துக்கு அது ஓரளவு கணக்குச் சொல்லும். பெரிய சொகுசுக் காரிலோ பெரும்பாலும் முதலில் கைவிடுவது ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். அவற்றின் வயதைக் கூட்டுவது காலமும் வெப்பமும். அந்த இரண்டையும் எண்ணும் மீட்டர் எந்தக் காரிலும் இல்லை.

ரப்பர் என்பது சிக்கிக் கிடக்கும் நூல் போன்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறைப்படி கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும்போது, அந்தச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுகின்றன. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் குணம் அதனால் உறுதிப்படுகிறது. பாலங்கள் அளவோடு இருக்கும்வரை ரப்பர் ரப்பராக இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆண்டுக்கணக்கில் வினைபுரிந்து சில இடங்களில் புதிய பாலங்களைச் சேர்க்கிறது, சில இடங்களில் சங்கிலிகளையே அறுக்கிறது. பாலங்கள் மிகுந்தால் ரப்பர் விறைத்து வெடிக்கும். சங்கிலிகள் அறுந்தால் இளகிப் பிசுபிசுக்கும். ஓசோன் வாயு, இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத் தாக்கி, இழுவிசைக்குக் குறுக்காக நுண்விரிசல்களை உண்டாக்கும். மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள்கள் மெல்ல மெல்ல வெளியேறும். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே நசுங்கியே கிடந்த ஓ-ரிங், ஒருநாள் நிமிரும் சக்தியை இழந்து தட்டையாகவே தங்கிவிடும். அதன் பிறகு எண்ணெய் கசியும். இவற்றில் எதற்குமே கார் ஓட வேண்டும் என்ற அவசியமில்லை. ஷெட்டில் நின்றாலும் இந்த வேதியியல் நிற்பதில்லை.

இந்த வினைகளின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். வேதிவினையின் வேகம் வெப்பநிலையோடு எப்படிக் கூடுகிறது என்பதற்கு 1889இல் சுவாந்தே அரீனியஸ் ஒரு சமன்பாட்டைத் தந்தார். அதிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட தோராய விதி ஒன்று உண்டு: வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். 90 டிகிரியில் இருக்க வேண்டிய ஒரு சீல் 120 டிகிரியில் இருந்தால், மூன்று முறை இரட்டித்து எட்டு மடங்கு வேகத்தில் முதுமை அடைகிறது என்று பொருள். இதை நகரப் போக்குவரத்தோடு பொருத்திப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடும் கார் 80 கி.மீ. கடக்கிறது, எதிர்காற்று பானெட்டுக்குள் புகுந்து வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. கோடை நண்பகலில் நகர நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்த கார் 10 கி.மீ. கூடக் கடந்திருக்காது, ஆனால் பானெட்டுக்குள் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கியிருக்கும். ஆகவே ஏசியைப் போட்டுக்கொண்டு அலுவலக வாசலில் மணிக்கணக்கில் முதலாளிக்காகக் காத்திருந்த ‘குறைவாக ஓடிய’ கார், ஊர்விட்டு ஊர் ஓடிய காரைவிட அதிகம் வெந்திருக்கக்கூடும்.

எல்லாக் காரிலும் ரப்பர் இருக்கும்போது சொகுசுக் காரை மட்டும் தனியே பேசுவது ஏன்? சிறிய காரில் இரும்பு செய்யும் வேலையைப் பெரிய சொகுசுக் காரில் பல இடங்களில் ரப்பர் செய்கிறது என்பதே காரணம். சஸ்பென்ஷன் இதற்கு முதல் சாட்சி. சாதாரணக் காரின் எடையைச் சுருள்வில் தாங்குகிறது. நல்ல எஃகுச் சுருள் காரின் ஆயுள் முழுக்க நிற்கும். 1998இல் வந்த டபிள்யூ 220 தலைமுறை எஸ்-கிளாஸ் ‘ஏர்மேட்டிக்’ எனப்படும் காற்றுச் சஸ்பென்ஷனோடு வந்தது. 2002இல் வந்த ஆடி ஏ8 தலைமுறையும் காற்றின் மேல்தான் மிதந்தது. இரண்டு டன் எடையை அழுத்தமேற்றிய காற்று தாங்குகிறது. அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருப்பது இழை வலுவூட்டிய ரப்பர் உறை. கார் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த உறை தன்மேலேயே மடிந்து விரிகிறது. இளமையில் அந்த மடிப்பு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. விறைத்த பிறகு மடிப்பிலேயே விரிசல் விழுகிறது. காற்று கசியக் கசிய, அதை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடிச் சூடேறி, கடைசியில் அதுவும் பழுதாகும். ஒரு ரப்பர் உறையின் முதுமை, நல்ல நிலையில் இருந்த ஓர் இயந்திரத்தையும் உடன் இழுத்துக்கொண்டு போகிறது. சொகுசுக் காரின் செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதன் சூத்திரம் இதுதான்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை, பொறுமை போதும். சமதளத்தில் காரை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை, இன்ஜினைத் தொடுவதற்கு முன் அதே அளவுகளை மீண்டும் எடுக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த உறையிலோ அதற்குப் போகும் இணைப்பிலோ கசிவு இருக்கிறது. சந்தேகமுள்ள இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். விற்பவர் நாம் வருவதற்கு முன்பே காரை ஓட்டி, உயர்த்தி, பளபளவென்று நிறுத்தி வைத்திருந்தால் இந்தச் சோதனைக்கே இடமில்லாமல் போகிறது. அதனால்தான் கார் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும். போனதும் முதலில் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு, மேடுபள்ளமான தெருவில் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்சக்கரத் தாங்கு கைகளின் புஷ்கள் தளர்ந்திருந்தால் வேகத்தடையில் ‘டொக்’ என்ற சத்தமும், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கில் நடுக்கமும் தெரியும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அதே சேதியைத்தான் அதுவும் சொல்கிறது.

இன்ஜினுக்குள்ளும் கதை இதுவே. 2001 முதல் 2008 வரை வந்த பி.எம்.டபிள்யூ 7 சீரிஸின் வி8 வகைகளில் இருந்த என்62 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனும் கிராங்க்ஷாஃப்டும் வலுவானவை. அதன் பெயர் கெட்டது வால்வுத் தண்டின் மேல் அமர்ந்திருக்கும் சின்னஞ்சிறு சீல்களால். வெப்பத்தில் அவை இறுகியதும் எண்ணெய் கசிந்து எரியறைக்குள் இறங்குகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் சைலன்சரில் நீலப் புகை கிளம்பும். அதே இன்ஜினில் நடுவே ஓடும் குளிர்நீர்க் குழாயின் சீலும் முதுமையில் கசியும். அந்தச் சிறு வளையத்தை எட்ட இன்ஜினின் முன்பகுதியைப் பெருமளவு பிரிக்க வேண்டியிருக்கும். வளையத்தின் விலை சொற்பம், உழைப்பின் விலை மலை. அதை அடுத்து 2008இல் வந்த என்63 இன்ஜினில் டர்போக்களை இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில், ‘வி’யின் மடியிலேயே வைத்தார்கள். இடம் மிச்சமானது, வெப்பமும் அங்கேயே தேங்கியது. அந்த இன்ஜினுக்காக 2014இல் பி.எம்.டபிள்யூ அமெரிக்காவில் தனியே ஒரு வாடிக்கையாளர் பராமரிப்புத் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. மாடலின் பெயரோடு இன்ஜின் குறியீட்டையும் கேட்டறிந்து, அதற்கென்று அறியப்பட்ட நோய்களைப் படித்துவிட்டுக் காரைப் பார்க்கப் போவது, நோயாளியின் பழைய சீட்டுகளைப் பார்த்துவிட்டு மருத்துவர் நாடி பிடிப்பதற்கு ஒப்பானது.

கியர்பாக்ஸ் பற்றி நிலவும் ஒரு நம்பிக்கையை இங்கே கேள்வி கேட்டாக வேண்டும். பல கார் நிறுவனங்கள் தங்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் ‘ஆயுள் முழுக்க’ மாற்ற வேண்டாதது என்றன. அதே கியர்பாக்ஸ்கள் பலவற்றைச் செய்துகொடுத்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது அதிகபட்சம் 8 ஆண்டுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. செய்தவரே ஆண்டுக் கணக்கைத் தனியே சொல்வதைக் கவனிக்க வேண்டும். ஓடாவிட்டாலும் எண்ணெய்க்கும் சீல்களுக்கும் வயது கூடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் கிடைக்காது. 7 சீரிஸில் 2001இல் அறிமுகமான ஆறு கியர் இசட்.எஃப். பெட்டியில், மின்னிணைப்பு நுழையும் பிளாஸ்டிக் உறையின் ஓ-ரிங்குகளே பரவலாக அறியப்பட்ட கசிவிடம். ஆகவே 12 வயதான காருக்கு ‘கம்பெனியே மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது’ என்று விற்பவர் சொன்னால், அதைச் செய்யப்படாத வேலைகளின் பட்டியலில் சேர்த்து, அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

மின்கம்பியின் மேலுறையும் பாலிமர்தான். 1990களின் தொடக்கத்தில் வந்த மெர்சிடிஸ் இன்ஜின்கள் சிலவற்றில், அன்றைய எஸ்-கிளாஸான டபிள்யூ 140 உட்பட, இன்ஜின் கம்பிகளின் காப்புறை வெப்பத்தில் பொடிந்து உதிர்ந்தது; செம்பு செம்பைத் தொட்டு, புரியாத கோளாறுகளைக் கிளப்பியது. பிந்தைய கார்களில் அந்தக் குறை தீர்ந்தாலும் கம்பிகளும் கணினிப் பெட்டிகளும் பல மடங்கு பெருகிவிட்டன. அவற்றில் சில கார்ப்பெட்டின் அடியிலும் டிக்கியின் பள்ளத்திலும் இருக்கின்றன. சன்ரூஃபின் வடிகுழாய் அடைத்துக்கொண்டாலே மழைநீர் அங்கே இறங்கும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. அப்படி நின்ற சொகுசுக் கார் கழுவித் துடைத்த பிறகு அழகாகவே தெரியும். இணைப்பு முனைகளில் பச்சைப் பாசி போல் படரும் செம்புக் களிம்பு மட்டும் மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். இருக்கைப் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துச் சேற்றுக்கோடு தெரிகிறதா, இருக்கையைத் தரையில் பிணைக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

காலம் மட்டுமே கெடுக்கும் பொருள்களுக்கு இன்னும் சில சான்றுகள் உண்டு. டாட் 4 வகைப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர் 3.7 சதவீதம் ஆகிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டயரின் பக்கச் சுவரில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். பள்ளம் ஆழமாக இருந்தும் தேதி பழையதாக இருந்தால் அந்த டயருக்கு மதிப்பில்லை. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் இதற்குத் துயரமான உச்சம். அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் பட்டுப் பட்டுச் சிதைந்தது. விபத்தில் விரிய வேண்டிய ஏர்பேக் வெடித்து உலோகத் துண்டுகளை வீசி உயிர்களைப் பறித்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. எந்தப் பழைய காரையும் வாங்குமுன் அதன் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிறைவேற்றாத திரும்பப்பெறல் வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டே ஆக வேண்டும்.

காருக்குள் உட்கார்ந்தபடியே அதன் கடந்த காலத்தைப் படிக்கவும் வழியுண்டு. பட்டன்களின் மேல் பூசிய மென்மையான பாலியூரித்தேன் படலம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து பிசுபிசுக்கும். கூரைத் துணியின் பின்னுள்ள நுரை பொடிந்தால் துணி தொங்கும். டேஷ்போர்டின் தோல் சுருங்கி விளிம்பில் எழும்பும். இவற்றை அழகுக் குறைகள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கார் வெயிலில் நின்று வளர்ந்ததா, நிழலில் நின்று வளர்ந்ததா என்பதற்கு இவை கண்ணுக்குத் தெரியும் பதிவுகள். வெளியே தெரியும் பாலிமர் இந்தக் கதியில் இருந்தால், தெரியாத இடத்திலுள்ள பாலிமரையும் சந்தேகிப்பதே நியாயம்.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் முதலாவது வலுவானது. குறைவாக ஓடிய கார் எப்படியும் நிறைய ஓடியதைவிட மேல்தானே? வயதும் கவனிப்பும் சமமாக இருந்தால் ஆம். நடைமுறையில் அவை சமமாக இருப்பதில்லை. குறைவாக ஓடும் காரின் உரிமையாளர் சர்வீஸைக் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப்போடுகிறார். 10 ஆண்டில் 40,000 கி.மீ. ஓடிய காரில் கூலன்ட்டும் பிரேக் திரவமும் ஒருமுறைகூட மாறாமல் இருக்கலாம். குறுந்தூரம் மட்டும் ஓடிய இன்ஜினின் எண்ணெய், தன்னில் சேரும் நீரை ஆவியாக்கும் அளவுக்குச் சூடேறுவதே இல்லை. எதிர்த்திசையில் ஒரு சான்றும் இருக்கிறது: 1996ஆம் ஆண்டின் லெக்சஸ் எல்.எஸ். 400 ஒன்று 2019இல் 10 லட்சம் மைலை, அதாவது 16 லட்சம் கி.மீ.யைத் தொட்டது. அக்காலத்துப் பெரிய கார்கள் அழியாதவை என்று வாதிடுவோருக்கு இது கைகொடுப்பது போல் தோன்றும். உண்மையில் அது காட்டுவது வேறு. நன்கு செய்த உலோகம் 16 லட்சம் கி.மீ.யும் தாங்கும், ஆனால் எந்த ரப்பரும் அவ்வளவு காலம் தானாகத் தாங்காது. அந்தத் தொலைவை ஒரு கார் எட்டுவது, கெட்டதைக் கெட்டபோதே மாற்றிக்கொண்டு வந்தால்தான்.

இரண்டாவது மறுப்பு நவீனமானது: ஸ்கேனரைச் செருகினால் கார் தன் குறைகளைத் தானே சொல்லிவிடாதா? ஸ்கேன் செய்யாமல் இத்தகைய காரை வாங்கவே கூடாது. அதே சமயம் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டுக் காரைக் காட்டுவது எளிது. ஆனால் அழித்தவுடன், புகைக் கட்டுப்பாட்டு அமைப்பு தன்னைத்தானே சோதித்து முடித்ததற்கான பதிவுகளும் அழிந்து ‘முடியவில்லை’ என்று காட்டும்; பல நாள் ஓட்டத்துக்குப் பிறகே அவை நிரம்பும். குறியீடு ஒன்றுமில்லை, சோதனைகளும் முடியவில்லை என்றால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்கிறார்கள். ஓடோமீட்டரைத் திருத்தியவர்கள் மற்றப் பெட்டிகளில் பதிந்த தொலைவை மறந்துவிடுவதும் உண்டு. நல்ல ஸ்கேனர் அந்த முரணைக் காட்டும். எனினும் ரப்பருக்கு சென்சார் கிடையாது. விறைத்துக்கொண்டிருக்கும் சீல், கசியத் தொடங்கும் நாள்வரை எந்தத் திரையிலும் தெரியாது. அதற்கு லிஃப்ட்டில் காரை ஏற்றி, டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்க்கும் மெக்கானிக் வேண்டும்.

பாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் தடிமன் இருக்கும். டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடத்தில் அளவு பல மடங்கு எகிறும். 1994இல் தொடங்கி ஆடி ஏ8 அலுமினியச் சட்டத்தில் வந்தது என்பதால், இரும்பை மட்டும் உணரும் காந்த அளவி அங்கே உதவாது. சுழல் மின்னோட்ட முறையில் அளக்கும் கருவி வேண்டும். அலுமினியத்தை ஒட்டுவதும் நேராக்குவதும் எல்லாப் பட்டறைக்கும் கைவராத வேலை. ஆகவே அத்தகைய காரில் அடிபட்ட தடம் தெரிந்தால் விட்டுவிட்டு வருவதே நல்லது.

கடைசி மறுப்பு பணத்தைப் பற்றியது. இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் காருக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, கெட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே? காரின் விலை குறைந்திருக்கிறதே தவிர அதன் உதிரிபாகங்களின் விலை குறையவில்லை. கோடி ரூபாய்க் காருக்குச் செய்த காற்று உறை, அந்தக் கார் 12 வயதில் எந்த விலைக்குக் கைமாறினாலும் கோடி ரூபாய்க் காரின் உறைதான். மாற்று நிறுவனங்களின் பாகங்கள் செலவைக் கொஞ்சம் குறைக்கும். காற்றுக்குப் பதிலாகச் சுருள்வில் பொருத்துவோரும் உண்டு, ஆனால் எந்த மிதப்புக்காக அந்தக் காரை விரும்பினோமோ அது அத்தோடு போய்விடும். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையையே உதாரணமாக எடுத்துக்கொண்டது: குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார், அதனால் எல்லாக் கார்களின் விலையும் கெட்ட காரின் விலையை நோக்கிச் சரிகிறது, நல்ல காரை வைத்திருப்பவர் சந்தைக்கே வராமல் போகிறார். பத்தாண்டு கடந்த சொகுசுக் காரில் அந்த அறியாமையின் பெரும்பகுதி, மாற்றப்பட்ட ரப்பர் எது, மாற்றப்படாதது எது என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

எனவே செய்ய வேண்டிய கணக்கு இது. காற்று உறைகள், புஷ்கள், கூலன்ட் குழாய்கள், கியர்பாக்ஸ் எண்ணெயும் சீல்களும், பிரேக் திரவம், டயர் ஆகியவற்றில் தேதியோடு பில் இருப்பவற்றை அடித்துவிடுங்கள். மீதியை ஒரு தனிப் பட்டறையில் மதிப்பிடச் சொல்லி, வரும் தொகையைக் கேட்கும் விலையோடு கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையே காரின் உண்மையான விலை. அது கையிருப்புக்குள் அடங்கினால் வாங்கலாம். நன்கு பராமரித்த பெரிய செடான் தரும் பயண சுகத்துக்கு இணை குறைவு என்பதை மறுக்க முடியாது. அடங்காவிட்டால் எவ்வளவு பளபளத்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும். சோதிக்க அனுமதிக்காத விற்பனையாளரிடமிருந்தும் அப்படியே. 1,40,000 கி.மீ. ஓடி, ஆண்டுவாரியாக அடுக்கிய பில்களோடு வரும் காரையும், 45,000 கி.மீ. ஓடி, ஒரு பில்லும் இல்லாமல் வரும் காரையும் அருகருகே நிறுத்தினால், முன்னதன் ரப்பருக்கு என்ன வயது என்று நமக்குத் தெரியும். பின்னதன் ரப்பருக்குக் காரின் வயதே வயது.